வளையத்துக்கு அப்பா தைத்த உறை

ஜூன் 6

அண்ணா,

உன் வாலுதான் எழுதுகிறேன். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். மூன்று வேளையும் கடையில் சாப்பிடுகிறவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் முறைக்குக் கேட்கிறேன்: உடம்பு எப்படி இருக்கிறது?

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. கால்பந்து கிளப் விடுதியில் எங்கள் போனையெல்லாம் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் தருகிறார்கள். அது அப்பாவோடு பேசவே சரியாக இருக்கிறது. பேசுவது என்ன பேசுவது, “சாப்டியா?” என்பார், “சாப்ட்டேன்பா” என்பேன், “சரி” என்பார். மீதி நேரம் அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குக் கழுத்தில் போட ஒரு வளையம் கொடுத்திருக்கிறார்கள். முன்பக்கம் திறந்திருக்கும், மாட்டினால் கவ்விக்கொள்ளும். உள்பக்கம் இடமும் வலமுமாக விரல்நுனி அளவுக்கு இரண்டு புடைப்பு. போன வருடம் எங்கள் கோல்கீப்பர் கம்பத்தில் மண்டையை இடித்துக்கொண்டு தன் அறை எது என்றே தெரியாமல் விடுதியைச் சுற்றினாளாம். அதிலிருந்து கோச்சுக்கு எங்கள் தலையைப் பற்றியே கவலை. நான் பின்வரிசை. உயரத்தில் வருகிற பந்தையெல்லாம் தலையால் முட்டி வெளியே தள்ளுவதுதான் என் பிழைப்பு. அதனால் முதல் வளையம் எனக்குத்தான். உன் ஆய்வகத்திலும் இந்த மாதிரி வளையத்தைத்தானே வைத்துக்கொண்டு ஏதோ செய்கிறீர்கள்? உண்மையைச் சொல், இது தலையைக் காப்பாற்றுமா? கழுத்து சிவந்து தடித்துவிட்டது, அதையாவது பொறுத்துக்கொள்ளலாமா என்று தெரிய வேண்டும்.

அப்பா என்னை பஸ் ஏற்றிவிட வரவில்லை. பணிமனையில் அவசர வேலையாம். பஸ் சீட்டுக்கு ரெக்சின் மாற்றுவதில் அப்படி என்ன அவசரமோ. அம்மா போன பிறகு நம்மைப் பொத்திப் பொத்தி வளர்த்தவர், நான் விழுந்து புரள்வதைப் பார்க்க அவருக்கு மனசு வராது. புரிகிறது. ஆனால் நான் ஆட ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது அண்ணா. ஒரே ஒரு ஆட்டத்துக்கு வந்தால் குறைந்தா போய்விடுவார்?

நேரத்துக்குச் சாப்பிடு.

வாலு


ஜூன் 19

வாலுக்கு,

கடைச் சாப்பாட்டையும் மீறி உன் அண்ணன் திடமாகவே இருக்கிறேன். உன் கழுத்தை நினைத்துத்தான் கவலை.

வளையத்தைப் பற்றிக் கேட்டாய். மூளைக்கு ஏறிய ரத்தம் கழுத்து வழியாகத்தான் இறங்க வேண்டும். அது இறங்கும் குழாய்கள் கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடுகின்றன. அந்தப் புடைப்புகள் அவற்றை லேசாக அழுத்தும். இறங்குவது சற்றுத் தாமதமானால் மண்டைக்குள் ரத்தம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், மூளை உள்ளே குலுங்க இடம் குறையும் என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம். நிறைய அடைத்த டப்பாவைக் குலுக்கினால் உள்ளே இருப்பது அவ்வளவாக ஆடாது இல்லையா, அது மாதிரி.

காப்பாற்றுமா என்றால், அதைப் பற்றிப் பெரிய பெரிய ஆட்களே இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். எங்கள் கேள்வி சின்னது. இதைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க உடற்பயிற்சி செய்தால் மூளைக்குப் போகும் ரத்தம் கூடுகிறதா, குறைகிறதா? அவ்வளவுதான். ஆட்களை ஓடாத சைக்கிளில் உட்கார வைப்போம். நான் நெற்றிப்பொட்டிலும் கழுத்திலும் ஜெல் தடவி, ஸ்கேன் கருவியின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் வியர்த்து விறுவிறுக்க மிதிப்பார்கள். அண்ணன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால், கை ஆடாமல் நிற்கிற வேலை என்று சொல்லிவிடு.

ஆகவே வளையத்தைப் போட்டுக்கொள், கோச் சொல்வதைக் கேள். ஆனால் அதைத் தலைக்கவசம் என்று நினைத்துக்கொள்ளாதே.

அப்பா வருவார். அவருக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன்


ஜூலை 17

அண்ணா, அண்ணா, அண்ணா!

நலம் விசாரிக்கவெல்லாம் பொறுமை இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய், இரு. அப்பா ஆட்டம் பார்க்க வந்தார்!

முதலிலிருந்து சொல்கிறேன். லீவு கிடைத்து வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் அப்பா என் கழுத்தைப் பார்த்துவிட்டார்.

“என்னம்மா இது, யாரோ கழுத்தை நெரிச்ச மாதிரி?”

“வளையம்பா. தலையில அடிபட்டா ஒண்ணும் ஆகாம இருக்க.”

“தலைக்கு அடிபடாம இருக்கக் கழுத்துல மாட்டுவாங்களா? எந்தப் புத்திசாலி கண்டுபிடிச்சான்?”

“உங்க புள்ளைகிட்டக் கேளுங்க. அவன் வேலையே அதுதான்.”

அவர் வளையத்தைக் கையில் வாங்கி உள்பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மறுநாள் பணிமனையிலிருந்து வரும்போது அதற்கு ஒரு உறை தைத்துக்கொண்டு வந்திருந்தார். கருநீலத் துணி, உள்ளே ஸ்பாஞ்ச். புடைப்பு இருக்கிற இடத்தில் மட்டும் ஸ்பாஞ்சை இரட்டையாக வைத்திருக்கிறார். தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“இந்த ரெண்டு மேடுதான் உறுத்துது. சீட்டுக்குள்ள ஸ்ப்ரிங் குத்துச்சுன்னா இப்படித்தான் செய்வோம். போட்டுப் பாரு.”

போட்டேன். கழுத்தில் ஏதோ இருப்பதே தெரியவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டே, “ஆட்டம் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மைதானத்தில் கடைசி வரிசையில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பந்தை முட்டும்போதெல்லாம் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தார். ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தோமா தோற்றோமா என்றுகூடக் கேட்கவில்லை. “உறை நழுவலியே?” என்றார். இல்லை என்றேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். ஒன்பது வருடத்து அழுகை அண்ணா அது.

வாலு


ஜூலை 29

வாலுக்கு,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் படித்தேன். கண்ணில் ஜெல் பட்டுவிட்டது என்று பேராசிரியரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் நம்பவில்லை. நான் சௌக்கியம். இனி கொஞ்ச நாளைக்கு நீ சௌக்கியமா என்று கேட்கமாட்டேன், எழுத்திலேயே தெரிகிறது.

ஒரு யோசனை.  ஆகஸ்டில் உங்களுக்கு இடைவேளை வருமே, இரண்டு நாள் இங்கே வா. என் தங்கை என்பதால் உன் அளவுகளை ஆய்வுக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். ஆனால் வளையம் உன் கழுத்தில் சரியாக உட்கார்கிறதா என்று பார்த்துவிடலாம். ஓடாத சைக்கிளில் உன்னை மூச்சு வாங்க வைக்கும் பாக்கியமும் எனக்குக் கிடைக்கும். அப்பாவின் உறையைக் கழற்றாமல் கொண்டு வா. அந்தத் தையலை நானும் பார்க்க வேண்டும்.

அண்ணன்


ஆகஸ்ட் 27

அண்ணா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கால் இரண்டும் இன்னும் உன்னைத் திட்டிக்கொண்டிருக்கின்றன, மற்றபடி நலம். நீயும் நலம் என்பதை நேரிலேயே பார்த்துவிட்டேன், தொப்பை சாட்சி.

ஒன்று கேட்க வேண்டும். நான் மிதித்துக்கொண்டிருந்தபோது திரையைப் பார்த்து ஏன் திடீரென்று ஊமையாகிவிட்டாய்? வளையத்தைக் கழற்றச் சொன்னாய், உறையை உருவிவிட்டுப் போடச் சொன்னாய், திரும்பவும் கழற்றச் சொன்னாய். என்ன என்று கேட்டால் “ஒண்ணுமில்ல, படம் தெளிவா வரல” என்றாய். அத்தனை வருடமாகக் கை ஆடாமல் நிற்கிறவனுக்குப் படம் தெளிவாக வரவில்லையா? காதில் பூச் சுற்றாதே.

அப்பா போனில் முதல் கேள்வியே அதுதான்: “அண்ணன் உறையைப் பாத்தானா? என்ன சொன்னான்?” பிரமாதமாக இருக்கிறது என்று சொன்னதாகச் சொல்லிவிட்டேன். நீ அப்படிச் சொல்லவில்லைதான். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

விடுதியில் போராடிப் போனைத் திரும்ப வாங்கிவிட்டோம். ஆனாலும் உனக்குக் கடிதமே எழுதுகிறேன், பழகிவிட்டது. இப்போதெல்லாம் மைதானத்து விளக்குகளை ஏன்தான் இவ்வளவு பிரகாசமாக வைக்கிறார்களோ.

வாலு


செப்டம்பர் 4

வாலுக்கு,

நலமே. ஆய்வகத்தில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

திரையில் பார்த்ததை வைத்து உடனே எதுவும் சொல்லிவிட முடியாது. அப்பாவின் தையல் உண்மையிலேயே அழகு. அதை அவரிடம் நானே போனில் சொன்னேன். அதற்கு அவர் சிரித்தார் வாலு. அப்பா போனில் சிரித்து நான் கேட்டதே இல்லை.

உன் கடிதத்தில் வரிகள் கோணலாகப் போயிருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நீ. கண் கூசுகிறதா? தலைவலி உண்டா?

அண்ணன்


செப்டம்பர் 13

அண்ணா,

நான் நலம், என் கண் நலம், என் தலை நலம். பஸ்ஸில் வைத்து எழுதினேன், கோணிவிட்டது. எல்லாரையும் நோயாளியாகப் பார்க்காதே.

அப்பா இப்போது ஒரு ஆட்டம் விடுவதில்லை. கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு வந்துவிட்டார். போன வாரம் நடுவரோடு சண்டை. “என்னய்யா, கண்ணைப் பொட்டியில வெச்சுட்டு வந்தியா?” என்று அவர் கத்தியதில் என் பக்கத்தில் நின்ற எதிரணிப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உறையை வாரா வாரம் துவைத்து, காயவைத்து, அவரே வளையத்தில் மாட்டிக் கொடுக்கிறார்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். முன்பெல்லாம் பந்து உயரத்திலிருந்து வந்தால் கடைசி நொடியில் கண்ணை மூடிக்கொள்வேன். இப்போது மூடுவதில்லை. காலை நீட்ட யோசிக்கிற இடத்தில்கூடத் தலையைக் கொடுக்கிறேன். கழுத்தில் அது இருக்கிறது, அதைத் தைத்தவர் முதல் வரிசையில் இருக்கிறார். எனக்கு எதற்குப் பயம்?

வாலு


செப்டம்பர் 20

என் அருமை வாலுக்கு,

இந்தக் கடிதத்தை நல்லபடியாக இருந்து நீ படிக்க வேண்டும். அதைத் தவிர எனக்கு இப்போது வேறு வேண்டுதல் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இத்தனை நாள் மென்று முழுங்கினேன். உன் கடைசிக் கடிதத்தைப் படித்த பிறகு முடியவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அன்று படம் தெளிவாகத்தான் வந்தது. வெறும் வளையத்தை மாட்டியபோது உன் கழுத்தின் ரத்தக் குழாய் இரண்டு பக்கமும் ஒடுங்கியது. அது வளையம் செய்ய வேண்டிய வேலை. அப்பாவின் உறையோடு மாட்டியபோது ஒடுங்கவே இல்லை. வளையமே போடாத கழுத்து மாதிரி இருந்தது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கழற்றச் சொன்னேன், என் கண்ணை நானே நம்பாமல்.

அந்தப் புடைப்புகள் அழுத்துவதற்காகவே இருக்கின்றன. அப்பா அவை அழுத்தக் கூடாது என்று ஸ்பாஞ்ச் வைத்திருக்கிறார். வேலையில் குறையே இல்லை. அத்தனை கச்சிதமாகச் செய்திருப்பதால்தான் கொஞ்சம்கூட அழுத்தவில்லை. ஜூலையிலிருந்து உன் கழுத்தில் இருப்பது ஒரு துணிப் பட்டை, அவ்வளவுதான்.

உறையைக் கழற்றிவிட்டால் எல்லாம் சரி என்றும் நினைக்காதே. வெறும் வளையத்தை நம்பிக்கூடத் தலையைக் கொடுக்கக் கூடாது. முன்னே பயந்தாயே, அந்தப் பயம் நல்ல பயம். அதைத் திரும்பக் கூப்பிடு. அப்புறம், உனக்குத் தலைவலி இருக்கிறது. இல்லை என்று எத்தனை தடவை எழுதினாலும் நான் நம்பப் போவதில்லை. நாளைக்கே டாக்டரைப் பார்.

அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே. ஆட்டத்தன்று உறையை நைசாகக் கழற்றிவிட்டு, முடிந்ததும் மாட்டிக்கொள். ஒன்பது வருடம் கழித்து அந்த மனுஷன் வந்து உட்கார்ந்திருக்கிறார். தன் கையால் தைத்ததுதான் மகளின் காவலைக் கெடுத்தது என்று தெரிந்தால் உடைந்துபோவார். அதற்குப் பயந்துதான் ஒரு மாதமாக வாயைத் திறக்கவில்லை. தப்புத்தான்.

உடனே பதில் எழுது. வேண்டாம், போன் பண்ணு.

அண்ணன்


அக்டோபர் 12

பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். நீ ஊர் போய்ச் சேர்ந்த விவரம் போனில் சொன்னாய், சந்தோஷம். போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், பக்கத்து அறையில் அவள் படுத்திருக்கிறாள். சின்னச் சத்தம்கூட அவள் காதில் விழுகிறது.

அவள் உடம்பு பரவாயில்லை. ஆட்டத்தில் எதிரணிப் பெண்ணின் தலையும் இவள் தலையும் மோதிய இடத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. மூளை குலுங்கியதுதான் ஆற நாளாகும் என்று டாக்டர் உன் எதிரிலேயே சொன்னார். வெளிச்சம் ஆகாது, படிக்கக் கூடாது. அதனால் திரையை இழுத்துவிட்டே வைத்திருக்கிறேன்.

நேற்று விடுதியிலிருந்து அவள் சாமான்களைக் கட்டி அனுப்பினார்கள். அதோடு ஒரு தபாலும் இருந்தது. உன் கையெழுத்து. அவள் கீழே விழுந்த பிறகுதான் விடுதிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. “அண்ணன் லெட்டர்பா, படிங்க” என்றாள். கதவுக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் நின்று சத்தமாகப் படித்தேன்.

‘அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே’ என்ற வரியையும் நானேதான் படித்தேன். அந்த வரியைத் தாண்டிய பிறகுதான் அந்த அப்பா நான் என்பது மண்டையில் ஏறியது. அவள் “போதும்பா, நிறுத்துங்கப்பா” என்றாள். நான் நிறுத்தவில்லை. பாதியில் விட்டுப் பழக்கமில்லை.

நீ இங்கே வந்து இருந்த இரண்டு நாளும் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாய். பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

நான் முப்பது வருடமாகச் சீட்டு தைக்கிறேன். உட்காருகிறவனுக்கு எதுவும் குத்தக் கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். குத்துவதற்கென்றே ஒரு பொருளைச் செய்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் சொல். என் ஸ்பாஞ்ச் இல்லாமல் இருந்திருந்தால் அவள் தலை தப்பியிருக்குமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


அக்டோபர் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கதவருகே நின்று அதைப் படித்ததை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மன்னித்துவிடுங்கள் அப்பா.

நீங்கள் கேட்டதற்கு, ‘உங்களால் இல்லை’ என்று எழுதத்தான் கை பரபரக்கிறது. ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக எழுத மனம் வரவில்லை. உண்மை இதுதான்: தெரியாது. எங்கள் ஆய்வகத்தில் இதுவரை நாங்கள் பார்த்த ஆட்களுக்கு, வளையம் போட்டாலும் போடாவிட்டாலும், மூச்சு வாங்க மிதிக்கும்போது மூளைக்கு ஏறும் ரத்தம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. அடி விழும்போது அது தலையைக் காக்குமா என்று நாங்கள் பார்க்கவே இல்லை. இரண்டு தலைகள் அந்த வேகத்தில் மோதினால் எந்த வளையம் என்ன செய்திருக்கும் என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது.

குற்றவாளி வேண்டும் என்றால் என்னை வைத்துக்கொள்ளுங்கள். திரையில் பார்த்த அன்றே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நீங்கள் தெரியாமல் செய்தீர்கள், நான் தெரிந்தே சும்மா இருந்தேன்.

அப்பா, நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று பக்கத்து வீட்டு அத்தை போனில் சொன்னார்.

உங்கள் பெரியவன்


நவம்பர் 30

அண்ணா,

கோணல் இல்லாமல் எழுதுகிறேன், பார்த்துக்கொள். ஒரே மூச்சில் எழுதக் கூடாது என்பதால் மூன்று நாளாக எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன். ஜன்னல் திரையைத் திறந்தாயிற்று. நீ எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

முதலில் நான் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் உன்னிடம் வருவதற்கு முந்தின வாரம் ஒரு ஆட்டத்தில் தலையில் அடி வாங்கினேன். கோச்சிடம் சொன்னால் உட்கார வைத்துவிடுவார், அப்பா வருவது நின்றுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். போன் திரும்பக் கிடைத்த பிறகும் உனக்குக் கடிதம் எழுதியது பாசத்தால் மட்டும் இல்லை. போனின் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஆறாத தலையோடு நான்தான் இறங்கி ஆடினேன். ஸ்பாஞ்ச் என்ன செய்யும் பாவம்.

இதை அப்பாவிடமும் சொன்னேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அவர் ஆளே இல்லை. பணிமனைக்குப் போகிறார், வருகிறார், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருக்கிறார். வீட்டில் தையல் ஊசியைத் தொடுவதில்லை. நீ ‘தெரியாது’ என்று எழுதியதை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். நீ உண்மையைத்தான் எழுதினாய். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவரால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை அண்ணா.

அதனால் போன செவ்வாய்க்கிழமை, அவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

“அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் வளையமே போடல.”

“என்னது?”

“அவசரத்துல மறந்துட்டேன். பையிலயே கெடந்துச்சு. திட்டுவீங்கன்னு சொல்லல.”

தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அப்படியா?” என்றார். அப்புறம் சாப்பிட ஆரம்பித்தார். இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்! மறுநாள் விசில் அடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

பொய்தான். போட்டிருந்தேன், உறையோடுதான் போட்டிருந்தேன். விழுந்தது எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. வளையம் பைக்குள் இருந்தது, யாரோ கழற்றி வைத்திருக்கிறார்கள். பையிலேயே இருந்தது என்று சொல்ல வசதியாகப் போயிற்று. ஜெர்சி காலர் மறைத்திருக்கும், அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்கு எங்கே தெரிந்திருக்கப் போகிறது? உனக்குத் தெரியாது என்று எழுதினாய், அதில் உன் நேர்மை இருக்கட்டும். என் வீட்டில் என் அப்பா சாப்பிட வேண்டும்.

இந்த சீசன் ஆடமாட்டேன் என்று கோச்சிடம் நானே சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வந்து தலையணையை நனைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது. அடுத்த வருடம் டாக்டர் சரி என்றால் பார்க்கலாம். இல்லை என்றால் இல்லை. இப்போதைக்குச் சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி நடக்கிறேன், அப்பா கூடவே வருகிறார்.

வாலு


டிசம்பர் 9

பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இரண்டு பேரும் சுகம். நீ பொங்கித் தின்னப் பழகிக்கொண்டதாகச் சொன்னாய், கையைச் சுட்டுக்கொள்ளாதே.

உன் தங்கை நன்றாக நடக்கிறாள். நேற்று என்னை முந்திக்கொண்டு போய், திரும்பி நின்று கேலி செய்தாள். டாக்டரும் திருப்தியாக இருக்கிறார். நீ கவலைப்படாமல் வேலையைப் பார்.

நீ எழுதிய பதிலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாயே, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன், அதையும் சொல்ல வேண்டும். அவளிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் பார்த்தேன். எனக்கு நடிப்பு வராது.

போன மாதக் கடைசியில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, அன்றைக்கு வளையமே போடவில்லை, பையிலேயே கிடந்தது என்று சொன்னாள். உன்னிடமும் சொல்லியிருப்பாள்.

அவள் விழுந்ததும் தடுப்பைத் தாண்டி முதலில் ஓடினது நான்தான். எப்படித் தாண்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் கண் சொருகிக் கிடந்தாள். மூச்சு முட்டுமோ என்று பயந்து, கழுத்திலிருந்து வளையத்தை நான்தான் கழற்றினேன். அசைக்காதீங்க என்று முதலுதவிக்கு ஓடி வந்த பிசியோ என்னைத் திட்டினார். ஆஸ்பத்திரி போகிற வரை அதைக் கையிலேயே பிடித்திருந்தேன். பிறகு அவள் பையில் போட்டதும் நானேதான். அவளுக்கு இது ஒன்றும் நினைவில்லை.

அவள் அதைச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நம்புகிறேனா என்று.  எனக்காக எத்தனை நாள் யோசித்து வைத்திருப்பாளோ. நான் ‘அப்படியா’ என்றேன். அவள் நம்ப வேண்டும் என்பதற்காகத் தட்டில் இருந்ததைச் சாப்பிட ஆரம்பித்தேன். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டதடா. அதைப் பார்த்த பிறகு எனக்கு நிஜமாகவே பசித்தது. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டேன்.

அப்பா